கீமோ வாந்திக்குக் கையில் புள்ளியை அமுக்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 21 நாளுக்கு ஒருமுறை கீமோ, சிவப்பு மருந்து. இரண்டு சைக்கிள் முடிந்திருக்கிறது. ஊசி போட்ட அன்று நன்றாகத்தான் இருக்கிறார். மறுநாள் ராத்திரி தொடங்கி மூன்று நாள் குமட்டலும் ஓங்கரிப்பும் வாந்தியும். பக்கத்துத் தெருவில் அக்குபங்சர் பார்க்கும் ஒருவர், "கையில் ஒரு புள்ளியைத் தொட்டாலே வாந்தி நின்றுவிடும், பத்து முறை வந்தால் முடியும் கொட்டாது, ரத்த அணுவும் குறையாது, அந்த வாந்தி மாத்திரையெல்லாம் உடம்புக்கு விஷம்" என்று சொல்கிறாராம். போகலாமா என்பது கேள்வி.

பார்த்தால் ஒரே கேள்வி. உள்ளே மூன்று இருக்கிறது. புள்ளியை அமுக்கினால் வாந்தி குறையுமா? அதனால் ஏதாவது கெடுதல் வருமா? அதை நம்பி மாத்திரையை விட்டுவிடலாமா? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது மூன்றாவது என்று நினைக்கிறேன். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: விடக் கூடாது. மற்ற இரண்டுக்கும் பதில் கொஞ்சம் நீளம். நான் வடசென்னையில் கீமோ டே கேரில், அதாவது மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் பிரிவில், பல வருடம் வேலை பார்த்த செவிலியர். ஊசி இல்லாமல் விரலால் புள்ளியை அமுக்கும் அக்குபிரஷரும் முறையாகப் படித்து, வார்டில் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் இந்த வாந்தி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கீமோ மருந்து குடலின் உள்சுவரில் இருக்கும் சில செல்களைத் தாக்குகிறது. அவை செரடோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது, வாந்தி வருகிறது. முதல் 24 மணி நேரத்து வாந்தி பெரும்பாலும் இந்த வழிதான். ஒண்டான்செட்ரான், பாலோனோசெட்ரான் போன்றவை இந்த வழியைத்தான் அடைக்கின்றன. அதன்பிறகு வருவதைத் தாமத வாந்தி என்போம். அதில் பெரிய பங்கு மூளையில் வேலை செய்யும் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளுக்கு. அதைத் தடுக்கத்தான் அப்ரெபிடன்ட். உங்கள் அம்மாவுக்கு முதல் நாள் ஒன்றும் இல்லாமல் மறுநாள் ராத்திரி தொடங்குகிறது என்றால் அவருக்கு இருப்பது இந்தத் தாமத வாந்தி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சிவப்பு மருந்து டாக்சோரூபிசின். அதோடு சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்து போகும். வாந்தி தடுப்பு மருந்து இல்லாமல் இந்த ஜோடியை ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு வாந்தி வரும் என்று கணக்கிட்டு, அதிக வாந்தி தரும் வகையில் சேர்த்திருக்கிறார்கள். 1990களுக்கு முன்பு, இந்த மாத்திரைகள் வராத காலத்தில், வாந்திக்குப் பயந்தே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் நிறைய. "விஷம்" என்று அவர் சொல்லும் மாத்திரைகள்தான் இன்று பெண்கள் நான்கு சைக்கிளையும் முடித்துவிட்டு வீட்டு வேலையும் பார்க்க வழி செய்கின்றன.

சரி, புள்ளிக்கு வருவோம். அவர் சொல்லும் புள்ளி அநேகமாக உள்மணிக்கட்டில் இருக்கும் பெரிகார்டியம் 6, சீன மொழியில் நெய்குவான். அது கட்டுக்கதை இல்லை, நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவைக்குப் பிறகான வாந்திக்கும் கீமோ வாந்திக்கும் ஊசி அக்குபங்சர் பலன் தருகிறது என்று அறிக்கை தந்தது. 2000இல் வந்த ஓர் ஆய்வில், மிக அதிக அளவு கீமோ எடுத்த 104 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஊசியில் லேசான மின்சாரம் செலுத்திய குழுவில் ஐந்து நாளில் வாந்தி, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நோயாளிக்கு, 5 முறை. மின்சாரம் இல்லாமல் பெயருக்கு ஊசி போட்ட குழுவில் 10. வாந்தி மருந்து மட்டும் எடுத்த குழுவில் 15. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அவர்களுக்கு அன்று கொடுத்தவை பழைய வாந்தி மருந்துகள். இன்று உங்கள் அம்மாவுக்குக் கிடைப்பவை அதைவிட மேல்.

2006இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 11 ஆய்வுகளையும் 1,247 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்துவது இதுதான். மின்சாரத்தோடு ஊசி போட்டால் முதல் நாள் வாந்தி குறைந்தது. விரலால் அமுக்கியதில் முதல் நாள் குமட்டலின் கடுமை குறைந்தது, வாந்தியின் எண்ணிக்கை குறையவில்லை. தாமத வாந்திக்கு அமுக்கியதால் பலன் தெரியவில்லை. இன்னொன்றைப் பலர் சொல்வதே இல்லை: அந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் நோயாளிகள் வாந்தி மாத்திரையையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் புள்ளியை மட்டும் அமுக்கினால் போதும் என்று அங்கே யாரும் காட்டவில்லை. அந்த அக்குபங்சர்காரர் சொல்வதற்கு ஆதாரமே கிடையாது என்பது இதனால்தான்.

அதற்குப் பின் பிரிட்டனில் 500 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மணிக்கட்டில் பித்தான் வைத்த பட்டை ஒரு குழுவுக்கு. பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அமுக்காத போலிப் பட்டை ஒரு குழுவுக்கு. மூன்றாவது குழுவுக்கு மருந்து மட்டும். பட்டை கட்டிய இரண்டு குழுவிலும் குமட்டல் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் நிச்சயமான வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, அசலுக்கும் போலிக்கும் நடுவிலும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் பலன் புள்ளியிலிருந்து வருகிறதா, கையில் ஏதோ செய்துகொள்கிறோம் என்ற தைரியத்திலிருந்து வருகிறதா என்பது இன்னும் தீராத கேள்வி. அந்த இடத்துக்கு நேர் கீழே மீடியன் நரம்பு ஓடுவது உடற்கூறு. அக்குபங்சரில் சொல்லும் சக்தித் தடம் ஓடுகிறது என்பது நம்பிக்கை. உடலை அறுத்துப் பார்த்தவர் யாரும் அதைக் கண்டதில்லை.

பிறகு ஏன் நான் இன்னும் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால், செலவில்லை, சரியாகச் செய்தால் கெடுதல் மிகக் குறைவு, குமட்டல் வரும் அந்த நேரத்தில் நோயாளி கையிலேயே ஒரு வேலை இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா எங்களிடம் கீமோவுக்கு வந்துகொண்டிருந்தார். ஆயுசு முழுக்க மீன் வாசனையிலேயே இருந்தவருக்கு மீன் கூடையைக் கண்டாலே ஓங்கரிக்கும். மூன்றாவது சைக்கிளுக்கு வரும்போது கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே குமட்டல் ஆரம்பித்துவிடும். டே கேர் வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டதும் வாந்தி. மருந்து ஒரு சொட்டுகூட இன்னும் ஏறியிருக்காது. உடம்பு பழைய வாந்தியை ஞாபகம் வைத்துக்கொண்டு முன்கூட்டியே எடுக்கும் வாந்தி இது. ஒண்டான்செட்ரான் இதற்கு அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் முந்தின நாள் ராத்திரிக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். நான் ஆட்டோவில் உட்கார்ந்ததும் மூச்சை மெதுவாக விட்டபடி மணிக்கட்டை அமுக்கச் சொன்னேன். அடுத்த முறை சேலை முந்தானையை மூக்கில் வைத்தபடி வந்தார், ஆனால் வாந்தி எடுக்காமல் வந்தார். மாத்திரையாலா, அமுக்கியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் ஆறு சைக்கிளும் முடித்தார் என்பது எனக்குப் போதும்.

செய்யும் முறை இதுதான். அம்மாவின் உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டில் கையும் முன்கையும் சேரும் ரேகை தெரியும். மோதிர விரல் அந்த ரேகையைத் தொடும்படி அம்மாவின் மறு கையின் நடு மூன்று விரலைச் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். அம்மாவின் விரல்தான் அளவு, உங்கள் விரல் இல்லை. இதில்தான் பலருக்குத் தவறிப்போகிறது. ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், முன்கையின் நடுவில், கட்டைவிரலை வைத்து, கையை லேசாக மடக்கச் சொன்னால் இரண்டு நரம்புக்கயிறு போல எழும். அவை தசைநாண்கள், அவற்றுக்கு நடுவே இருக்கும் பள்ளம்தான் புள்ளி. சிலருக்கு ஒரு தசைநாண் பிறவியிலேயே இருக்காது, பயப்பட வேண்டாம், முன்கையின் நடுக்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்தி, சின்ன வட்டமாக இரண்டு மூன்று நிமிடம். மந்தமான ஒரு வலி, கனமான உணர்ச்சி வரலாம், அது சரி. சுரீரென்று விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தால் நரம்பை நசுக்குகிறீர்கள், இடத்தை மாற்றுங்கள் அல்லது அழுத்தத்தைக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், குமட்டல் தலைதூக்கும்போதும் செய்யலாம். வாந்தி தொடங்கியபிறகு செய்வதைவிடக் குமட்டலின் ஆரம்பத்திலேயே செய்வது நல்லது.

கடையில் விற்கும் பட்டை வாங்க வேண்டியதில்லை. அகலமான எலாஸ்டிக்கில் ஒரு வழவழப்பான சட்டைப் பித்தானைத் தைத்து, பித்தான் புள்ளிமேல் வரும்படி போட்டுக்கொள்ளலாம். விரல் நீலம் பாரிக்கவோ மரத்துப்போகவோ கூடாது. தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு முக்கியமான குறுக்கீடு இருக்கிறது. வலது அக்குளில் முடிச்சுகளை எடுத்திருப்பதால் வலது கையில் நீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க உண்டு. அந்தக் கையில் பட்டை வேண்டாம், அழுத்தமான அமுக்கலும் வேண்டாம், ஊசி கண்டிப்பாக வேண்டாம். இடது கையில்தான் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டிருப்பார்கள். சிவப்பு மருந்து போன ரத்தநாளம் கறுத்து, தொட்டாலே எரிச்சலாக இருந்தால் அந்த இடத்தையும் தொடாதீர்கள். அப்போது காலில் ஒரு புள்ளி இருக்கிறது. முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி விழும். அதற்கு நான்கு விரல் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே. இதைப் பல ஆய்வுகளில் மணிக்கட்டுப் புள்ளியோடு சேர்த்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அமுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

ஊசி போடும் அக்குபங்சர் கீமோ நடக்கும்போது வேறு விஷயம். கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு கீழே இறங்கியிருக்கும், தட்டணுவும் குறையலாம். அந்த நேரத்தில் சின்ன ஊசிக்குத்துகூடக் கிருமிக்கு வழி திறந்துவிடும், ரத்தமும் நிற்கத் தாமதமாகும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஊசி போடுகிறார்கள் என்றால், அன்றைய கவுன்ட்டை, அதாவது ரத்த அணு எண்ணிக்கையை, பார்த்து, புது ஊசியைப் பிரித்து, பயிற்சி பெற்றவர்கள் போடுகிறார்கள். தெருமுனைக் கிளினிக்கில் யாரும் கவுன்ட் கேட்பதில்லை. தட்டணு குறைவாக இருக்கும்போது விரலால் அமுக்கினாலும் கன்றிப்போகும். அப்போது தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடி கொட்டாது என்பது உண்மையில்லை. அந்தச் சிவப்பு மருந்துக்கு முடி கொட்டும், முடிந்ததும் முளைக்கும்; எந்தப் புள்ளியும் அதைத் தடுக்காது. அணு குறையாது என்பதற்கும் நம்பும்படியான சான்று இல்லை. அதற்கு வேலை செய்வது வயிற்றில் போடும் வெள்ளையணு ஊசி. இந்த இரண்டையும் உறுதியாகச் சொல்கிற ஒருவர் மூன்றாவதையும் சரியாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அசதிக்கு மட்டும் நல்ல செய்தி உண்டு. 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை முடித்தும் அசதி போகாத பெண்கள் தாங்களே தினமும் ஒவ்வொரு புள்ளியையும் மூன்று நிமிடம் அமுக்கினார்கள். ஆறு வாரத்தில் அசதி தெளிவாகக் குறைந்தது. அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்தபிறகு அதை யோசிக்கலாம். அடுத்த கட்டத்தில் பாக்லிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்து தொடங்கினால் கால்விரலில் மதமதப்பு வரலாம். அதற்கு அக்குபங்சர் உதவுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மதமதப்பு வந்ததும் டாக்டரிடம் சொல்வதுதான் அங்கே முக்கியம், ஏனென்றால் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். இரண்டாம் நாளிலிருந்து வாந்தி என்று வருபவர்களிடம் நான் முதலில் மாத்திரைக் கவரைத்தான் கேட்பேன். பெரும்பாலும் விடை அதற்குள்ளேயே இருக்கும். அப்ரெபிடன்ட் மூன்று காப்ஸ்யூல் பாக்கெட், முதல் நாள் 125 மில்லிகிராம், பிறகு இரண்டு நாள் 80, 80. முதல் நாள் அம்மா நன்றாக இருக்கிறார் என்று மீதியை அடுத்த சைக்கிளுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். வாந்திக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனை ஸ்டீராய்டு என்று யாரோ சொல்ல, அதை விட்டுவிடுவார்கள். ராத்திரி போடும் ஓலான்சபினை மெடிக்கல் ஷாப்பில் "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்று சொல்லிவிடுவார்கள், அதோடு சரி, அது கவரிலேயே கிடக்கும். மனநோய்க்கும் கொடுப்பதுதான், வாந்தியைத் தூண்டும் பல வழிகளை ஒரே சமயத்தில் அடைப்பதால் கீமோவுக்கும் நான்கு நாள் கொடுக்கிறோம். தூக்கம் அதிகமாகிறது என்றால் சொல்லுங்கள்: மும்பை டாட்டா மெமோரியலில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தும் வாந்தி அதே அளவு கட்டுப்பட்டது, தூக்கக் கலக்கம் குறைந்தது. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். மூன்று நாள் வயிறு போகாவிட்டால் அதனாலேயே குமட்டும். சர்க்கரை இருந்தால் டெக்சாமெத்தசோன் எடுக்கும் நாட்களில் அதையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் புள்ளியும் வேண்டாம், பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்பதும் வேண்டாம். எந்த நேரமானாலும் கிளம்புங்கள்; கீமோ நடக்கும் இடத்துக்கு ராத்திரியில் போக முடியாவிட்டால் ஸ்டான்லி அவசரப் பிரிவு உங்களுக்குப் பக்கம், 108ஐக் கூப்பிடலாம். கீமோ எடுப்பவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். குடித்த தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் தங்காவிட்டாலும், சிறுநீர் குறைந்து எழுந்தால் தலைசுற்றினாலும், வாந்தியில் ரத்தம் வந்தாலும் அப்படியே.

அக்குபங்சர் யாரிடமாவது பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை இருந்தால், ஐந்தரை வருடம் படித்து பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகாப் பட்டம் வாங்கிய மருத்துவர்களிடம் போங்கள். அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கீமோ சீட்டையும் கடைசிக் கவுன்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோய் டாக்டரிடமும் மறைக்க வேண்டாம். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் அதிகம். கையில் கன்றல் இருப்பதைப் பார்த்து அவர் தட்டணுப் பிரச்சினை என்று நினைத்துக் கீமோவைத் தள்ளிவைத்தால் நஷ்டம் உங்களுக்கு.

மூன்றாவது சைக்கிளுக்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: போன முறை எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை முறை வாந்தி, எந்த மாத்திரையை எப்போது போட்டார், எதை விட்டார், வயிறு எப்போது போனது. அதை ஓ.பி. சீட்டோடு சேர்த்து டாக்டரிடம் கொடுத்து, "இரண்டாம் நாளிலிருந்துதான் வருகிறது, அந்த நாட்களுக்கு மருந்து போதுமா?" என்று கேளுங்கள்.